சண்டிக் குதிரை வென்றது!

2017-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. பகல் ஒன்றரை மணி.

இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் பந்தய மைதானம் நிரம்பி வழிகிறது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நான்கு நாள் நடக்கும் திருவிழா அது. முதல் நாள், முதல் பந்தயம். குதிரைகள் புறப்படும் அந்தக் கணத்தில் கூட்டம் முழுவதும் ஒரே குரலில் ஆரவாரம் செய்யும். ‘செல்ட்டன்ஹாம் கூச்சல்’ என்றே அதற்குப் பெயர்.

அன்றைக்கு அந்தக் கூச்சலுக்கு முன்னால், ஒரு சாம்பல் நிறக் குதிரையைப் பார்த்து எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“இது ஓடுமா, நிற்குமா?”

குதிரையின் பெயர் லபைக். ஆறு வயது. ‘லப்பைக்’ என்றால் அரபு மொழியில், “இதோ வந்தேன்” என்று பொருள். அழைத்தவுடன் பணிவோடு சொல்லும் பதில் அது. ஆனால் இந்தக் குதிரையோ, அழைத்தால் வராத குதிரை! அதற்கு முந்திய மாதங்களில் பல பந்தயங்களில் மற்றக் குதிரைகள் பாய்ந்து போக, இது மட்டும் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

நம் ஊரில் இதற்குச் சரியான பெயர் உண்டு: சண்டிக் குதிரை.

கற்றுக்குட்டிகளின் பந்தயம்

குதிரைப் பந்தயம் என்றால் சமதரையில் ஓடும் பந்தயம்தான் நமக்குப் பழக்கம். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் தாண்டும் பந்தயங்களுக்கு மதிப்பு அதிகம். அதில் இரண்டு வகை. ஒன்று, உயரமான, அசையாத வேலிகளைத் தாண்டுவது. மற்றொன்று, படல்களைத் தாண்டுவது.

படல் என்றால் ஏறத்தாழ நம் கிராமத்துப் படலேதான். மரச் சட்டத்தில் மிலாறு செருகி, தரையில் ஊன்றியிருப்பார்கள். மூன்றரை அடி இருக்கும். குதிரையின் கால் பட்டால் சாய்ந்து கொடுக்கும். அதனால் வேலியைவிட ஆபத்து குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. முழு வேகத்தில் வரும் குதிரை படலில் தடுக்கி விழுந்து கால் ஒடிந்தால், பெரும்பாலும் அதன் வாழ்வே முடிந்துவிடும்.

இந்த முதல் பந்தயம், படல் தாண்டுவதில் புதிதாக இறங்கிய குதிரைகளுக்கு மட்டும். அந்த சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு படல் பந்தயத்தில்கூட வென்றிருக்கக் கூடாது. சுருக்கமாகச் சொன்னால், கற்றுக்குட்டிகளின் பந்தயம். ஆனால் சாதாரணக் கற்றுக்குட்டிகள் அல்ல. நாளைய சாம்பியன் யார் என்று அடையாளம் காட்டும் பந்தயம் இது. தூரம் இரண்டு மைலுக்குச் சற்று அதிகம். எட்டுப் படல்கள். முடிவில் மூச்சு வாங்க வைக்கும் ஒரு மேடு.

ஏன் நின்றது?

சமதரைப் பந்தயத்தில் குதிரைகளைக் கூண்டுக்குள் நிறுத்துவார்கள். கதவு திறந்ததும் பாய வேண்டியதுதான். தாண்டும் பந்தயத்தில் கூண்டு கிடையாது. குதிரைகள் வரிசையாக நடந்து வரும். குறுக்கே ஒரு நாடா கட்டியிருக்கும். வரிசை ஒழுங்காக இருக்கிறது என்று கண்டதும் அதிகாரி நாடாவை விடுவிப்பார்.

நடந்து வருவதுதான் தொல்லை. வருகிற வழியில் குதிரைக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடுகிறது!

லபைக் சோம்பேறிக் குதிரை அல்ல. நடக்கத் தெரியாத குதிரையும் அல்ல. 2016 நவம்பரில் அயர்லாந்தின் நாவன் மைதானத்தில் நல்ல குதிரைகளோடு ஓடி வென்றிருந்தது. திறமை இருந்தது. மனம்தான் இல்லை.

சவுக்கால் நான்கு போடு போட்டால் ஓடாதா என்று கேட்கலாம். ஓடாது. சண்டிக் குதிரையை அடித்தால் சண்டித்தனம் கூடும் என்பது நம் ஊர் ஜட்கா வண்டிக்காரர்களுக்கும் தெரிந்த விஷயம். மேலும் அங்கே சவுக்குக்குக் கணக்கு உண்டு. அப்போது பிரிட்டனில் தாண்டும் பந்தயம் முழுவதற்கும் எட்டு அடிதான். அதற்கு மேல் போனால் ஜாக்கியை விசாரணைக்கு இழுப்பார்கள். 2023-ல் அதையும் ஏழாகக் குறைத்துவிட்டார்கள்.

ஆகவே, லாயத்தில் இருந்தவர்கள் செய்யக்கூடியது பொறுமையாகப் பழக்குவது ஒன்றுதான். பயிற்சியாளர் அயர்லாந்தைச் சேர்ந்த கார்டன் எலியட். அவர் லாயத்தில் நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகள். அத்தனையிலும் இப்படி ஒரு பிள்ளை!

இந்தக் குதிரையின் மேல் பணம் கட்டுகிறவனின் நிலையைப் பாருங்கள். மற்றக் குதிரை தோற்றால், ஓடித் தோற்றது என்று ஆறுதல் சொல்லிக் கொள்ளலாம். இது நின்றுவிட்டால், நாடா விலகிய நொடியிலேயே பணம் போயிற்று. அதனால்தான் லபைக்கின் விலை ஒன்றுக்கு 25. அதாவது நூறு ரூபாய் கட்டினால், ஜெயித்தால் 2,500 ரூபாய் லாபம்.

எல்லோரும் நம்பிய குதிரை

கூட்டத்தின் பணம் மெலன் என்ற குதிரையின் மேல் இருந்தது. விலை ஒன்றுக்கு 3. பேவரிட் குதிரை.

இங்கேதான் வேடிக்கை. மெலன் அதுவரை ஓடிய படல் பந்தயம் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று! 2017 ஜனவரியில் லெப்பர்ட்ஸ்டவுன் மைதானத்தில் ஓடி வென்றது. அவ்வளவுதான்.

பிறகு எப்படி பேவரிட் ஆயிற்று? லாயத்தின் பெயரால். மெலனின் பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸ். இதே பந்தயத்தை 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு வென்றவர். 2014-ல் வாட்டூர், 2015-ல் டூவான் என்ற அவருடைய குதிரைகள் மக்களின் நம்பிக்கையைக் காப்பாற்றின. சவாரி செய்பவரோ ரூபி வால்ஷ், அயர்லாந்தின் தலைசிறந்த ஜாக்கிகளில் ஒருவர். போதாதா? பெரிய வீட்டுச் சம்பந்தம் என்றதும் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்காமலே தலையாட்டுவது போலத்தான்.

மெலன் மோசமான குதிரை என்று நான் சொல்ல வரவில்லை. அது நல்ல குதிரை என்று பின்னால் நிரூபணமாயிற்று. ஆனால் அன்றைக்கு ஜனங்கள் பணம் கட்டியது குதிரையின் மேல் அல்ல, லாயத்தின் கீர்த்தியின் மேல்.

கற்றுக்குட்டிப் பந்தயங்களில் எதிர்பாராத முடிவுகள் வருவதற்கு இதுவே முக்கியக் காரணம். பழைய குதிரைகள் ஒன்றோடு ஒன்று பல தடவை மோதியிருக்கும். எது எதைவிடச் சிறந்தது என்று கணக்குப் போடலாம். புதிய குதிரைகளுக்கு அந்தக் கணக்கு இல்லை. ஒன்று அயர்லாந்தில் ஓடியிருக்கும், மற்றொன்று இங்கிலாந்தில். இன்னொன்று சமதரைப் பந்தயத்திலிருந்து நேற்றுத்தான் வந்திருக்கும். வளர்கிற வயது வேறு. டிசம்பரில் திணறிய குதிரை மார்ச்சில் வேறு குதிரையாகிவிடும். தகவல் குறையும்போது வதந்தி விலை பேசுகிறது.

நாடா விலகியது!

லபைக்கின் மேல் உட்கார்ந்திருந்தவர் ஜாக் கென்னடி. வயது பதினேழு! அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் டிங்கிள் என்ற கடலோர ஊர்ப் பையன். சிறு வயதிலேயே மட்டக்குதிரைப் பந்தயங்களில் பெயர் வாங்கியவர்.

நாடா விலகியது. கூட்டம் கூச்சலிட்டது.

லபைக் புறப்பட்டுவிட்டது!

அந்தப் பந்தயத்தில் அதுவே பாதி வெற்றி. மீதிப் பாதியைப் பையன் பார்த்துக் கொண்டான். அவசரப்படவில்லை. முன்னால் போகிறவர்களைப் போகவிட்டு, குதிரையைத் தன் போக்கில் ஓடவிட்டான். கடைசிக் கட்டத்தில் மெலன் முன்னேற, கூட்டம் பேவரிட் வந்துவிட்டது என்று ஆர்ப்பரித்தது. அப்போது பின்னாலிருந்து சாம்பல் நிறம் நெருங்கிற்று. மேட்டில் ஏறும்போது மெலனைப் பின்னுக்குத் தள்ளியது. இரண்டு குதிரை நீளத்துக்கு மேல் முந்தி வென்றது.

கென்னடிக்குச் செல்ட்டன்ஹாம் திருவிழாவில் அதுவே முதல் வெற்றி.

புக்கிக்கு எப்போதும் சிரிப்பு

இப்படி நடப்பது இது முதல் தடவையா என்றால், இல்லை. இதே பந்தயத்தில் 1994-ல் ஆர்க்டிக் கின்ஸ்மேன் ஒன்றுக்கு 50 விலையில் வென்றது. 2007-ல் எபாசியான் ஒன்றுக்கு 40. எபாசியானின் பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே வில்லி மல்லின்ஸ்! பெரிய லாயத்தின் குதிரையையும் ஜனங்கள் சில சமயம் கண்டுகொள்வதில்லை.

1990 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெல்சோ மைதானத்தில், கற்றுக்குட்டிகளின் படல் பந்தயம் ஒன்றில் ஈக்வினாக்ஷியல் என்ற குதிரை வென்றது. விலை ஒன்றுக்கு 250!

இதைப் படித்ததும் சிலருக்குக் கை அரிக்கும். ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

நான்கு குதிரைகள் ஓடுகின்றன. நான்கும் சம பலம். நியாயமாக ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு 3 விலை கொடுக்க வேண்டும். புக்கி கொடுப்பதோ இரண்டரை. நீங்கள் நான்கின் மேலும் ஒவ்வொரு ரூபாய் கட்டுகிறீர்கள். செலவு நான்கு ரூபாய். ஏதாவது ஒன்று ஜெயித்தே தீரும். கிடைப்பது லாபம் இரண்டரை, கட்டிய ஒரு ரூபாய், ஆக மூன்றரை. எந்தக் குதிரை வந்தாலும் உங்களுக்கு அரை ரூபாய் நஷ்டம்!

அந்த அரை ரூபாயில்தான் புக்கியின் வீட்டில் அடுப்பு எரிகிறது. பேவரிட் தோற்றால் அவருக்கு விருந்தே. லபைக் வென்ற அன்று மெலன் மேல் கட்டிய பணம் அத்தனையும் புக்கிகளின் பைக்குள் போயிற்று. லபைக் மேல் கட்டியவர்களுக்குக் கொடுத்தது அதில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும். மறுநாள் பத்திரிகைகளில் அந்தச் சிறு பகுதிதான் செய்தியாக வரும். மெலன் மேல் வாரச் சம்பளத்தைக் கட்டியவன் வீட்டில் அன்றிரவு என்ன நடந்தது என்பது வராது.

திறமையா, அதிர்ஷ்டமா?

இந்தக் கேள்வி நம் சென்னைக்கும் அந்நியமானதல்ல. 1974-ல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டத்தில் சேர்த்துத் தடை செய்யச் சட்டம் கொண்டு வந்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டமே, சூதாட்டம் அல்ல என்று.

குதிரையின் திறமை, ஜாக்கியின் திறமை, பயிற்சியாளரின் திறமை எல்லாம் உண்மைதான். அவற்றைப் படித்துக் கணிப்பதும் ஒரு திறமை என்பது கோர்ட்டின் கருத்து. ஆனால் ஒரு சண்டிக் குதிரை இன்றைக்குக் காலை எடுத்து வைக்குமா வைக்காதா என்பதை எந்தப் புத்தகத்தில் படிப்பது? அதை அதன் மேல் உட்கார்ந்திருந்த பையனே அறியவில்லை.

பிறகு என்ன ஆயிற்று?

அடுத்த மாதமே லபைக் அயர்லாந்தின் பஞ்செஸ்டவுன் மைதானத்தில் ஓடியது. அங்கே காலில் பலத்த காயம் பட்டது. செல்ட்டன்ஹாமில் கண்ட அந்த ஓட்டத்தை அதனிடம் மறுபடி பார்க்கும் வாய்ப்பு ரசிகர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஜாக் கென்னடி வளர்ந்து பெரிய ஜாக்கியானார். இடையிடையே கால் எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்க நேர்ந்தது. ஒரு தடவை அல்ல, பல தடவை. ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து சேணத்தில் ஏறினார். பெற்றவர்களின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும்! 2023-24 சீசனில் அவர் அயர்லாந்தின் சாம்பியன் ஜாக்கி.

மெலன்? அதன் கதைதான் பரிதாபம். 2018-ல் செல்ட்டன்ஹாமில் சாம்பியன் படல் பந்தயத்தில் ஓடியது. ஒரு கழுத்து தூரத்தில் தோற்று இரண்டாவது. 2019-லும் அதே பந்தயம், அதே இரண்டாவது இடம். 2020-ல் படலை விட்டு வேலிப் பந்தயத்துக்கு மாறிப் பார்த்தார்கள். மேட்டில் இரண்டு குதிரைகள் ஒட்டி ஒட்டி ஓடி வந்தன. போட்டோவைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். மூக்கு நுனி தூரத்தில் மெலன் மறுபடியும் இரண்டாவது. வென்ற குதிரை சாம்க்ரோ. அதுவும் கார்டன் எலியட்டின் லாயத்துக் குதிரை.