வேலையைப் பார்த்த பிறகே பாடம்

பணியிடப் பயிற்சித் துறைக்குள் பலர் திட்டமிட்டு நுழைவதில்லை. அனுபவமுள்ள செவிலியரிடமோ வங்கிக் காசாளரிடமோ, "புதுசா வந்தவங்களுக்கு நீங்களே சொல்லிக் கொடுத்திடுங்க" என்று நிர்வாகம் ஒப்படைக்கிறது. தொழில் அங்கே தொடங்கிவிடுகிறது. ஆசிரியர்களும் எழுதத் தெரிந்தவர்களும் இணையவழிப் பாடம் தயாரிக்கும் நிறுவனங்களில் 'இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர்' ஆகச் சேர்கிறார்கள். எப்படி வந்தாலும் முதலில் பழக வேண்டியது, ஒருவர் வேலை செய்வதைப் பொறுமையாகப் பார்ப்பது. ஸ்லைடு, மென்பொருள் எல்லாம் அப்புறம்.

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இதற்கு நல்ல சான்று உண்டு. 1928-இல் அங்கே வந்த அண்ணாமலை சுவாமிக்குக் கட்டட வேலையில் அனுபவம் இல்லை. ஆனாலும் மாட்டுத் தொழுவம், உணவுக்கூடம், மருந்தகம் ஆகியவை அவர் மேற்பார்வையில் எழுந்தன. ஆசிரமத்தின் குரு ரமணர் அவருக்குக் கட்டடக் கலையை முன்கூட்டிப் போதிக்கவில்லை. அன்றைய வேலைக்கு வேண்டியதைக் காலையில் சொல்வார். நடந்ததை மாலையில் கேட்பார். சிக்கல் என்றால் இடத்துக்கே வந்து பார்ப்பார். சமையற்கூடத்திலும் சமைப்பவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கியபடியே பக்குவம் சொல்லிக் கொடுத்தார். அடியார்கள் அதை அருள் என்றே எழுதிவைத்தார்கள்; பயிற்சித் துறையினர் அதில் ஒரு முறையையும் காணலாம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக வகுத்த டி.டபிள்யூ.ஐ. (ட்ரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி) என்ற பயிற்சித் திட்டமும் ஏறக்குறைய இதையே சொன்னது: ஆளைத் தயார்ப்படுத்து, செய்துகாட்டு, செய்யவிடு, தொடர்ந்து கவனி. நான்காவதைத்தான் நிறுவனங்கள் முதலில் கைவிடுகின்றன. பயிற்சியின் பலனை நான்கு நிலைகளில் அளக்கலாம் என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றம் தெரிகிறதா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா. வகுப்பு முடிந்ததும் நீட்டப்படும் கருத்துப் படிவம் முதல் கேள்வியைத் தாண்டுவதில்லை.

வேலையில் மாற்றம் தெரியும் பாடம் எப்படி இருக்கும் என்பதற்கு இன்றைய ஓர் எடுத்துக்காட்டு: ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில் வெளிநாட்டவர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அவர் விவரப் படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும். வரவேற்பு மேசைக்குப் புதிதாக வந்த இளைஞருக்குச் சட்ட விளக்கம் பயன்படாது. பாஸ்போர்ட் எண் எந்தப் பக்கத்தில், விசா எண் எங்கே, இந்தியாவுக்குள் வந்த தேதி எந்த முத்திரையில் என்று அம்புக்குறியிட்ட ஒரே தாள் போதும். அதை அவர் கையில் கொடுத்து, எந்தக் கட்டத்தில் விரல் தயங்கி நிற்கிறது என்று பார்த்து அந்த இடத்தைத் திருத்துவதுதான் வடிவமைப்பு.

இத்துறையை முறையாகப் படிக்க விரும்பினால், டெல்லியில் 1970 முதல் இயங்கும் இந்தியப் பயிற்சி மற்றும் மேம்பாட்டுச் சங்கத்தின் டிப்ளமோ உண்டு. இணையவழிப் பாடம் நடத்த உதவும் மூடுல் மென்பொருளை இலவசமாகவே பழகலாம். ஆனால் சான்றிதழுக்குப் பணம் கட்டுமுன், தெரிந்த கடையிலோ விடுதியிலோ ஒரு வேலையை எடுத்து இப்படி ஒரு தாள் தயாரியுங்கள். முதல் வடிவம், திருத்திய வடிவம், ஏன் திருத்தினீர்கள் என்ற குறிப்பு, மூன்றையும் நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள்.