இரண்டாம் விருப்பும் நம் வாக்குத்தான்

இலங்கையின் 1978 அரசியலமைப்பு நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தபோது, வாக்குச்சீட்டில் 1, 2, 3 என வரிசைப்படுத்தும் உரிமையையும் தந்தது. எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் முதலிருவர் தவிர மற்றவர்கள் நீக்கப்படுவர். அவர்களது சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பு, அந்த இருவரில் ஒருவருக்குச் சேரும்.

1982 முதல் 2019 வரை எட்டுத் தேர்தல்களிலும் ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டினார். நாமும் ஒரு புள்ளடியோடு திரும்பப் பழகிவிட்டோம்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பெருந்தொகையாக வாழும் திருகோணமலையில் அந்த ஒற்றைப் புள்ளடி பெரும்பாலும் 'யார் வரக்கூடாது' என்ற கணக்கிலேயே விழுந்தது. 2010 ஜனவரியில், போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், அப்போரில் இராணுவத் தளபதியாயிருந்த சரத் பொன்சேகாவே இம்மாவட்டத்தில் வென்றார். சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரிக்கச் சொல்லியிருந்தது. ராஜபக்சவை அகற்ற வேறு வழி தெரியாத மக்கள் துயரத்தை அடக்கிக்கொண்டு போட்ட வாக்கு அது. 2015இல் மைத்திரிபாலவுக்கும் 2019இல் சஜித்துக்கும் இங்கே பத்தில் ஏழு பேர் வாக்களித்ததிலும் அதே கணக்கு இருந்தது.

2024இல் தமிழ்ப் பொது வேட்பாளராக அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்றார். தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரித்தது. சங்குக்குப் போட்டால் வாக்கு வீண் என்றது ஒரு தரப்பு. போடாவிட்டால் இனத்துக்குத் துரோகம் என்றது மறு தரப்பு. சங்குக்கு 1, சஜித்துக்கோ அநுரவுக்கோ 2 என ஒரே சீட்டில் இடமுண்டு என்பது அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

அந்தத் தேர்தலில்தான் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை வந்தது. அநுர 42.31 வீதம், சஜித் 32.76 வீதம். நீக்கப்பட்டவர்களின் சுமார் 33 இலட்சம் வாக்குகளில் இருவருக்கும் சேர்ந்தவை 273,131 மட்டுமே. அவற்றில் சஜித்துக்கு 167,867, அநுரவுக்கு 105,264. மற்றச் சீட்டுகள் இறுதித் தீர்ப்பில் வாய் திறக்கவில்லை.

அயர்லாந்தில் 1990இல் முதல் எண்ணிக்கையில் பின்தங்கிய மேரி ராபின்சன், மூன்றாமவரின் வாக்காளர்கள் இட்ட அடுத்த விருப்புகளால் ஜனாதிபதியானார். அந்த வாக்காளர்கள் தம் வேட்பாளரைக் கைவிடவுமில்லை, தீர்ப்பிலிருந்து விலகவுமில்லை.

தேர்தல்கள் ஆணைக்குழு இந்த விருப்பு வரிசை முறையைச் சேருவில முதல் மூதூர் வரை ஊர் ஊராகக் கற்பிக்க வேண்டும். கட்சிகள் தம் இரண்டாம் விருப்பு யாருக்கு, என்ன நிபந்தனையில் என்பதைத் தேர்தலுக்கு முன்பே பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். காணிப் பிரச்சினைக்கும் அதிகாரப் பகிர்வுக்கும் வேட்பாளர்களிடம் பதில் கேட்கும் பலம் அந்த அறிவிப்பில்தான் இருக்கிறது.