குத்துச்சண்டையின் கடனை அடைத்த நாடகங்கள்

நாடகம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நஷ்டக் கணக்கை நினைத்துக்கொள்வது உலகெங்கும் நகரசபை அங்கத்தினர்களின் சுபாவம். அதற்காக அவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. சொல்லப்போனால், அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தின் தென்கோடியிலுள்ள ஆஷ்லண்ட் என்னும் சிற்றூரின் நகரசபையார் 1935-ம் வருஷத்தில் காட்டிய சந்தேகபுத்தியே, பிற்காலத்தில் தேசத்தின் பல மூலைகளிலிருந்தும் ரசிகர்கள் யாத்திரைபோல் வந்து சேரும் ஒரு ஷேக்ஸ்பியர் திருவிழாவுக்கு உறுதியான அஸ்திவாரமாக அமைந்தது என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கதையை ஒரு சுவரிலிருந்து தொடங்க வேண்டும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிற்றூர்களில் ‘ஷடாக்வா’ என்றொரு இயக்கம் பிரசித்தமாக இருந்தது. கோடைக்காலத்தில் ஊரார் பெருங்கூடமொன்றில் கூடிப் பத்து நாள் பிரசங்கமும் சங்கீதமும் கேட்டுக் கலைவார்கள். நம் ஊர்களில் கதாகாலட்சேபம் கேட்கக் கூடுவதைப் போன்ற ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். ஆஷ்லண்டில் இதற்கென 1893-ல் ஒரு மண்டபம் எழுந்தது. 1917-ல் அதே இடத்தில் வட்டமான சுவரும் குவிந்த கூரையுமாகப் பெரியதொரு கூடத்தைக் கட்டினார்கள். ஜான் பிலிப் ஸூஸாவின் வாத்திய கோஷ்டியும், வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனின் பிரசங்கமும் அவ்வூராருக்குக் கிடைத்தது இந்த ஷடாக்வாவினால்தான். பிறகு மோட்டாரும் ரேடியோவும் சினிமாவும் வந்தன, கூட்டம் குறைந்தது. 1927-ல் ரயில் கம்பெனி தன் பிரதான பாதையை வேறு வழியாகத் திருப்பிக்கொள்ள, ரயிலை நம்பி வளர்ந்த ஊர் களையிழந்தது. அதன்மேல் 1929-ம் வருஷத்துப் பொருளாதார வீழ்ச்சியும் வந்து விழுந்தது. 1933-ல் கூடத்தின் கூரை பத்திரமானதன்று எனத் தீர்மானித்து அதைப் பிரித்துப்போட்டார்கள். தலையில்லாத வட்டச் சுவர் மாத்திரம் மிஞ்சி நின்றது.

ஊரார் அதைக் குட்டிச்சுவராகக் கண்டார்கள். அவ்வூர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஆங்கஸ் பௌமர் என்னும் முப்பது வயது உபாத்தியாயருக்கோ, புத்தகங்களில் பார்த்த பழைய லண்டன் நாடக அரங்கங்களின் சித்திரம் அதிலே தென்பட்டது. அந்த ஒப்புமையில் சரித்திர நியாயம் எவ்வளவு என்று பண்டிதர்கள் வாதித்துக்கொள்ளட்டும். ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கத்தை நேரில் கண்டவர் எவரும் அன்றைக்கு உயிரோடில்லையாதலால் மறுத்துப் பேசவும் ஆளில்லை. ஜூலை 4-ந் தேதி சுதந்திரதினக் கொண்டாட்டத்தோடு சேர்த்து இரண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் திறந்த வெளியில் நடத்தலாம் என்று அவர் நகரசபையாரிடம் யோசனை சொன்னார்.

அவர்கள் மறுக்கவுமில்லை, மகிழ்ந்துபோகவுமில்லை. நானூறு டாலருக்கு மிகாமல் முன்பணம் தருவதாக ஒப்புக்கொண்டு, அப்பணம் திரும்பி வருமா என்ற கவலையில், பகல் வேளைகளில் அதே மேடையில் குத்துச்சண்டைப் போட்டிகள் நடத்த வேண்டும் என்றொரு நிபந்தனையையும் சேர்த்தார்கள். நாடகத்தில் விழும் துண்டைக் குத்துச்சண்டையின் வசூல் ஈடுகட்டும் என்பது அவர்களுடைய கணக்கு. அற்ப ரசனையுள்ள வேறொருவராயிருந்தால் கலைத்தேவியின் சந்நிதியில் முஷ்டி யுத்தமா என்று மூக்கைச் சுளித்திருப்பார். பௌமர் சரித்திரம் படித்தவர். ஷேக்ஸ்பியரின் காலத்து ஜனங்கள் ஒரே ஆற்றங்கரையில் கரடிச் சண்டையையும் நாடகத்தையும் மாறிமாறிப் பார்த்தவர்கள் என்பதை அறிந்தவர். 1614-ல் லண்டனில் கட்டிய ‘ஹோப்’ என்னும் அரங்கம் இவ்விரண்டுக்கும் பொதுவாகவே அமைக்கப்பட்டது. ஆகையால் அவர் தயங்காமல் சம்மதித்தார்.

வேலையற்றோருக்கு வேலை கொடுப்பதற்காக ஏற்பட்டிருந்த மாநில நிவாரண ஸ்தாபனத்தின் ஆட்களைக் கொண்டு மேடை அமைத்தார்கள். ஜூலை 2-ந் தேதி ‘பன்னிரண்டாம் இரவு’. மறுநாள், தமிழ் நாடக ரசிகர்கள் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘வாணீபுர வணிகன்’ வாயிலாக அறிந்திருக்கும் ‘வெனிஸ் வர்த்தகன்’. நாலாந் தேதி மறுபடியும் முதல் நாடகம். பெரியவர்களுக்கு 50 சென்ட், குழந்தைகளுக்கு 25 சென்ட், ஆசனத்தை முன்கூட்டிக் குறித்துவைக்க 1 டாலர் என்று கட்டணம் ஏற்படுத்தினார்கள். விழா முடிந்து கணக்குப் பார்த்தபோது, கை நஷ்டம் குத்துச்சண்டையில் ஏற்பட்டிருந்தது. நாடகங்கள் தம் செலவைத் தாமே சம்பாதித்துக்கொண்டதுடன், தம்மைக் காப்பாற்ற வந்த குத்துச்சண்டையின் கடனையும் அடைத்துவிட்டன.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே ஒரு சிரிப்புச் சிரித்து, கலையின் வெற்றி என்று கைதட்டி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு விசேஷமாகப் படுவது அந்த நானூறு டாலர் என்ற உச்சவரம்பு. நாடகம் அடியோடு தோற்றுப்போயிருந்தாலும் ஊர் அந்த நஷ்டத்தைத் தாங்கியிருக்கும். மறு வருஷம் முனகிக்கொண்டாவது இன்னொரு முறை முயன்றுபார்த்திருக்கும். இடமோ இடிந்துபோனது, வாடகையில்லை. மேடை நிவாரணத்தில் வந்தது. நடிகர்கள் தொழில்முறைக் கலைஞர்களல்லர். தன் தோல்வியைத் தானே ஏற்கக்கூடிய அளவில் ஒரு காரியத்தை நடத்தும் வரையில்தான் ஓர் ஊர் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியும். ‘மக்கள் விழா’ என்ற பெயரை விளம்பரத் தாளில் அச்சிடுவதனால் அந்த உரிமை வந்துவிடுவதில்லை.

அதன் பிறகு நடந்தவை வளர்ச்சியின் வரலாறு. வளர்ச்சியின் வரலாறுகள் ஒன்றையொன்று ஒத்திருக்குமாதலால் விரைந்து சொல்லிவிடுகிறேன். 1937-ல் லாபநோக்கமற்ற சங்கமாகப் பதிவு செய்தார்கள். யுத்தத்தினால் 1941 முதல் 1946 வரை விளக்கெரியவில்லை. 1947-ல் புது மேடையோடு மீண்டும் தொடங்கி, 1958-க்குள் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் முழுவதையும் நடத்தித் தீர்த்தார்கள். இது பெரிய சாதனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1959-ல் அதே சுவருக்குள் இன்றைய எலிஸபெத் கால பாணி அரங்கம் எழுந்தது. 1970-ல் பௌமரின் பெயரால் கூரையுள்ள அரங்கமொன்றும் வந்தது. அதனால் மூன்று நாள் விழா, வருஷத்தில் பல மாதம் நடக்கும் தொழிலாயிற்று. 1983-ல் நாடகத்துக்கான டோனி விருது கிடைத்தது. அதைக் காண பௌமர் இல்லை, 1979-லேயே காலமாகிவிட்டார். சிகரத்திலிருந்த காலத்தில் வருஷத்துக்குச் சுமார் 4 லட்சம் பேர் வந்துபோனார்கள். அந்த வருமானத்தை நம்பி விடுதிகளும் உணவகங்களும் கடைகளும் பெருகின. முன்பு ரயிலை நம்பியிருந்த ஊர் இப்போது நாடகத்தை நம்பியிருக்கத் தொடங்கியது.

திறந்த வெளி என்றால் மழையும் குளிரும் என்று மட்டுமே முன்னோர் கணக்கிட்டிருந்தார்கள். அண்மைக் காலத்தில் மேற்குக் கரையின் காட்டுத்தீப் புகை என்றொரு புதுச் சத்துரு முளைத்தது. 2018-ம் வருஷக் கோடையில் புகை பள்ளத்தாக்கை நிரப்பியதால் திறந்தவெளி நாடகங்கள் பலவற்றை ரத்து செய்ய நேர்ந்தது. மறு வருஷம் சில காட்சிகளை உயர்நிலைப் பள்ளியொன்றின் அரங்கத்துக்கு மாற்றினார்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து கதவை மூடியது. அதே ஆண்டு செப்டம்பரில், அல்மீடா என்னும் காட்டுத்தீ பக்கத்து ஊர்களான டாலண்டையும் பீனிக்ஸையும் பொசுக்கியது; வீடிழந்தவர்களில் விழாவை அண்டிப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். 2023-ல், நடந்துகொண்டிருந்த பருவத்தை முடிப்பதற்கே 25 லட்சம் டாலர் வேண்டும் என்று நிர்வாகிகள் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார்கள். விழா பிழைத்தது.

நானூறு டாலரையும் இருபத்தைந்து லட்சம் டாலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமன்று என்று சிலர் சொல்லக்கூடும். டாலரின் மதிப்பு குறைந்துவிட்டது. நடிகர்களுக்கு ஒழுங்கான சம்பளம் தருவது தர்மம். மாணவர்களையும் உபாத்தியாயர்களையும் மேடையேற்றிக்கொண்டே நூறாண்டு ஓட்ட முடியாது. இவையெல்லாம் எனக்கும் சம்மதமே. நல்ல நடிப்பைப் பார்க்க விரும்புகிறவன் நல்ல நடிகனுக்குச் சோறு போடக் கடமைப்பட்டவன். எனினும், ஒரு கோடையின் புகைக்கே தள்ளாடும் அளவுக்குப் பெரிதாகிவிட்ட ஒன்றை அந்தச் சிற்றூர் எந்தக் கையால் தாங்கும்? தாங்கியவர்களில் முக்கியமானவர்கள் தனவந்தர்களும் அறநிலையங்களும். அவர்கள் உதாரகுணமுடையவர்கள்தாம், ஆனால் ஜூலை மாதத்துப் பகலில் குத்துச்சண்டை வேண்டுமென்று கேட்கத் தோன்றாதவர்கள்.

பழைய சுவர் இன்னும் நிற்கிறது. கொடி படர்ந்து, சுமார் 1,200 ஆசனங்களைச் சூழ்ந்துகொண்டு. என் கையில் அதிகாரம் இருந்தால், அந்த விழாவின் நிர்வாகிகளுக்கு ஒரே ஒரு விண்ணப்பம் செய்வேன்: வருஷத்தில் ஒரு வாரம், பெரிய விளக்குகளையும் பெரிய சம்பளங்களையும் ஒதுக்கிவைத்து, அந்த மேடையை ஊராரிடம் ஒப்படைத்துவிடுங்கள். பள்ளி உபாத்தியாயரும் மளிகைக்கடைக்காரரும் வசனம் மறந்து திணறட்டும். நகரசபை நானூறு டாலருக்கு மிகாமல் கொடுக்கட்டும். பகலில் இரண்டு பையன்கள் கையுறை மாட்டிக்கொண்டு சண்டையிடட்டும். வாயிலில் 50 சென்ட் வாங்கட்டும்.