பூட்டியவரே சாவி விற்கலாமா?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதில் சேர்ந்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். இனி வெளிநாட்டார் மின்னஞ்சலில் அறை கேட்பார்கள், வழிகாட்டி கேட்பார்கள் என்று ஊர் எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் நம் பதில் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டுமே! மலிவு ஹோஸ்டிங்கில் இணையதளம் வைத்திருக்கும் சிறு விடுதி, முகம் தெரியாத பலரோடு ஒரே சர்வரைப் பங்கிட்டுக்கொள்கிறது. அவர்களில் ஒருவர் ஸ்பேம் அனுப்பினாலும் அந்தச் சர்வரின் ஐபி முகவரி, மின்னஞ்சல் சர்வர்கள் பார்த்துத் தடுக்கும் தடைப்பட்டியலுக்குப் போய்விடும். விடுதி அனுப்பிய பதில் '550' என்ற எண்ணைச் சுமந்து திரும்பி வரும். ஏற்க முடியாது, மறுபடி அனுப்பிப் பயனில்லை என்பது அதன் பொருள்.

தடைப்பட்டியல்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அவை இல்லாவிட்டால் நம் இன்பாக்ஸ் சாக்கடையாகிவிடும். 1998 முதல் இயங்கும் ஸ்பேம்ஹாஸ் என்ற தடைப்பட்டியல் அமைப்பு, பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் காசு வாங்குவதில்லை. யூசிஇபுரொடெக்ட் என்ற இன்னொரு அமைப்பு வேறு ரகம். அதன் மூன்றாம் நிலைப் பட்டியல், ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் முழுவதையுமே தடுக்கிறது. விரைவாக வெளியே வரவும், அனுமதிப்பட்டியலில் இடம்பெறவும் கட்டணம் உண்டு. தடுப்பதும் விடுவிப்பதும் ஒரே கை. பட்டியல் நீண்டால் கல்லாவும் நிறையும். 2012இல் வெளியான ஆர்எஃப்சி 6471 என்ற வழிகாட்டி ஆவணமே, நீக்கக் கட்டணம் வாங்குவது மிரட்டிப் பணம் பறிப்பதை நெருங்குகிறது என்று எச்சரித்து, அப்படிப்பட்ட பட்டியல்களைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

பட்டியல் நடத்தச் செலவாகாதா? ஆகும். செஞ்சியின் ராஜகிரி உச்சிக் கோட்டைக்குள் போக, ஆழமான பிளவின் மேல் ஒரு சிறு பாலத்தைக் கடக்க வேண்டும். அதற்குக் காவல் போட்டால் சம்பளம் கோட்டைக்காரர் தர வேண்டியது; வருகிறவரிடம் வசூலித்துக்கொள் என்று விட்டால் காவலர் யாரைத்தான் உள்ளே விடுவார்? பட்டியலால் பயன்பெறும் பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் பணம் தரட்டும். ஏழு நாள் பொறுத்தால் இலவசமாக நீங்கிவிடுமே என்பார்கள். வரும் சனிக்கிழமைக்கு அறை கேட்டவர் ஏழு நாள் காத்திருப்பாரா? எஸ்எம்எஸ் அனுப்பவும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிப்படி நிறுவனங்கள் பதிவு செய்யத்தானே வேண்டியிருக்கிறது என்றும் கேட்கலாம். அங்கே ஒரு சட்டம் இருக்கிறது, முறையிட ஓர் ஆணையம் இருக்கிறது. இங்கே ரசீது மட்டும்தான்.

ஆகவே, மின்னஞ்சல் சர்வர் நடத்துகிறவர்கள் இத்தகைய பட்டியல்களைத் தங்கள் அமைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். செஞ்சியில் தொழில் செய்கிறவர்கள் பணம் கட்ட வேண்டாம். திரும்பி வந்த அஞ்சலை அப்படியே உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு அனுப்பி, தடைபடாத வேறு நெட்வொர்க்கில் ஐபி முகவரி கேளுங்கள்.