ஒரு லீற்றர் தண்ணீர்

உயர்தர உயிரியலில் நாம் ஒரே வரியில் படித்துக் கடந்துவிடும் விடயம் இது: சிறுகுடலில் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே உறிஞ்சப்படுகின்றன, நீரும் பின்னால் செல்கிறது. 1960இல் ரொபர்ட் கிரேன் இதனை விளக்கினார். 1971இல் பங்களாதேஷ் அகதிகள் தங்கியிருந்த பொங்காவ் முகாமில் சேலைன் தீர்ந்துபோனது. வைத்தியர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை உறவினர்களிடமே கொடுத்துப் பருக்கச் சொன்னார். கொலராவால் 100க்கு 30 பேர்வரை இறந்த இடத்தில், இறப்பு 4இலும் குறைந்தது.

பிறகு 'பிராக்' நிறுவனப் பெண்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்கு அதைக் கரைக்கக் கற்பித்தார்கள். அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்று பார்த்தே அவர்களுக்குச் சம்பளமாம்! இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நம் வீடுகளில் ஜீவனி இருக்கிறது. ஆனாலும் வயிற்றோட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்காதே என்பவர்களும், ஒரு லீற்றருக்கான பக்கட்டை ஒரு கோப்பையில் கரைப்பவர்களும் இருக்கிறார்கள். உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. மருந்தைக் கொடுத்தவர் அவர்களுக்குப் புரியும் மொழியில் அரை நிமிடம் பேசியிருக்கலாம்.

வைத்தியபீடக் கனவிலுள்ள தோழியரே, அதுவரை காத்திருக்காமல் இன்றே உம்மாவுக்கும் உம்மும்மாவுக்கும் சொல்லிக் கொடுங்கள்: ஒரு லீற்றர் பக்கட் என்றால், கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர், முழுதாக.