பட்டியலில் இடம்பெறாத ஊர்

அயல்நாடு செல்லும் நம்மவரைப் பெரிதும் அஞ்சவைப்பது விமானப் பயணமும் அன்று, மொழியும் அன்று; உணவு மேசையே ஆகும். போடிநாயக்கனூர், தேவாரம், உத்தமபாளையம் ஆகிய ஊர்களில் பயின்ற இளைஞர்கள் இன்று வணிகம் கருதியும் உயர்கல்வி கருதியும் ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்கின்றனர். அங்கே பத்துப் பன்னிரண்டு மேசைகளே கொண்ட, சிறியதும் விலை மிக்கதுமான பிரெஞ்சு உணவகம் ஒன்றில் அமர நேரின், எதைக் கேட்பது, எதை விலக்குவது, எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது என்று தயங்குகின்றனர். இத்தயக்கம் தேவையற்றது. அம்மேசையில் நாம் கற்க வேண்டியது கரண்டி பிடிக்கும் முறையும் அன்று. அது வேறொன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உணவகத்தைக் குறிக்க உலகம் முழுதும் வழங்கும் 'ரெஸ்டாரண்ட்' என்னும் சொல் பிரெஞ்சு மொழி தந்தது. நலிந்த உடலுக்குத் தெம்பூட்டும் சாற்றுக்கே முதலில் அப்பெயர் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் அச்சாற்றை விற்ற கடைகளுக்கும் பின்னர் அப்பெயரே நிலைத்தது. ஆக, இன்று ஆடம்பரத்தின் அடையாளமாகத் தோன்றும் இவ்விடம், தோற்றத்தில் நம் வீட்டு மிளகுச் சாற்றுக்கு உறவுடையதே. முன்னுணவு, தலைமை உணவு, பாலாடைக்கட்டி, இனிப்பு என முறையாகப் பரிமாறி, கூடியிருந்து உரையாடி உண்ணும் பிரெஞ்சு விருந்து மரபை 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. வாழையிலையில் எது எங்கே இடம்பெற வேண்டும் என்று வகுத்துக்கொண்ட நமக்கு, இத்தகைய ஒழுங்கு புதுமையன்று.

செல்வோர்க்குச் சில செய்திகள் பயன்படலாம். பிரான்சில் 'மெனு' என்பது விலை வரையறுக்கப்பட்ட தொடர் விருந்தைக் குறிக்கும். உணவுகளின் பட்டியலுக்குக் 'கார்ட்' என்று பெயர். விலைப்பட்டியல் வாயிலிலேயே வைக்கப்பட்டிருக்கும். படித்துப் பார்த்து, இயலுமாயின் உள்ளே செல்லலாம். இயலாவிடின் அப்பால் செல்லலாம். அதில் இழிவு ஏதுமில்லை. பரிமாறுவோர்க்குரிய கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கும். குழாய் நீர் கேட்டால் விலையின்றித் தருவர். அவர்தம் குழம்புகள் பலவற்றில் மது சேர்வதுண்டு, இனிப்புகளிலும் சேர்வதுண்டு. விலக்கப்பட்ட இறைச்சியும் கொழுப்பும் ஒருபுறமிருக்க, மீனையும் காய்கறியையும் தேர்ந்தெடுக்கும் நம் மாணவர்கூட இதனைக் கேட்டறிதல் வேண்டும். தம் தொழிலை மதிக்கும் சமையற்கலைஞர், இன்ன பொருளை யான் உண்பதில்லை என்று பணிவுடன் கூறும் விருந்தினரை இகழார். வாய் திறந்து கேளாமல் உண்டுவிட்டுப் பின்னர் வருந்துவதே பிழையாகும்.

இனி, கற்க வேண்டியதற்கு வருவோம். அப்பட்டியலைக் கூர்ந்து படியுங்கள். கோழி என்று மட்டும் எழுதமாட்டார்கள். 'பிரெஸ்' பகுதிக் கோழி என்று எழுதுவார்கள். பாலாடைக்கட்டி என்று மட்டும் எழுதமாட்டார்கள். 'ரோக்போர்' என்று ஊரின் பெயரைச் சேர்ப்பார்கள். இஃது அலங்காரச் சொல்லன்று, சட்டம். ரோக்போர் பாலாடைக்கட்டியின் பெயரை 1925ஆம் ஆண்டிலும், பிரெஸ் கோழியின் பெயரை 1957ஆம் ஆண்டிலும் அந்நாடு சட்டத்தால் காத்தது. மண்ணுக்கும் உழைப்புக்கும் உரிய பெயரை மாற்றான் எடுத்தாளக் கூடாது என்னும் உறுதி அதன் பின்னே நிற்கின்றது.

இவ்வுறுதியை நம் பக்கத்து விளைபொருளோடு இணைத்துக் காட்டியவர் ஒலிவியே ரொலாஞ்சே என்னும் சமையற்கலைஞர். பிரான்சின் பிரிட்டனிக் கடற்கரையில் உள்ள கான்கால் என்னும் சிற்றூரில், தாம் பிறந்து வளர்ந்த 18ஆம் நூற்றாண்டு வீட்டிலேயே அவர் 1982ஆம் ஆண்டு உணவகம் தொடங்கினார். அருகில் உள்ள சேன்மாலோ துறைமுகம் நம் வரலாற்றுக்கு அயலானதன்று. 1746ஆம் ஆண்டு சென்னையைக் கைப்பற்றிய லாபூர்தொனே அவ்வூரிற் பிறந்தவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்த நம் மாணவர் அவரை அறிவர். அத்துறைமுகத்துக்குக் கப்பலேறி வந்த கீழ்த்திசை நறுமணப் பொருள்களை, வெண்ணெயையும் மூலிகையையும் நாடி நின்ற பிரெஞ்சு அடுக்களைக்கு ரொலாஞ்சே மீண்டும் கொணர்ந்தார். அவருடைய புகழ்பெற்ற மீன் உணவொன்றின் பெயரே 'இந்தியத் திசையினின்று திரும்பியது' என்னும் பொருளுடையது. 2006ஆம் ஆண்டு மிஷ்லான் வழிகாட்டி நூலின் மூன்று விண்மீன்களைப் பெற்ற அவர், 2008ஆம் ஆண்டு தாமே அவற்றைத் துறந்தார். நறுமணப் பொருள்களை அவை விளைந்த நிலத்தின் பெயர் சொல்லி விற்கும் பணியை அவருடைய கடைகள் இன்றும் செய்து வருகின்றன.

இப்போது நம் மலையை நோக்குவோம். போடிமெட்டுக்கு அப்பால் விரியும் ஏலமலைத் தோட்டங்களுக்கு நம் பகுதிப் பெண்கள் விடியுமுன்னரே ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிச் செல்கின்றனர். மாலையில் கொண்டை ஊசி வளைவுகள் வழியே திரும்புகின்றனர். தேயிலையைப் போல் ஏலக்காயை நின்று பறிக்க இயலாது. செடியின் தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில் காய்கள் இருக்கும். மழை ஈரத்திலும் அட்டைக் கடியிலும் குனிந்தும் குந்தியும், வெடிக்கும் நிலைக்குச் சற்று முன்னர் உள்ள காயை மட்டும் தெரிந்து எடுக்க வேண்டும். நான்கைந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் ஆகும். உலர்ந்த காயைப் பருமனும் நிறமும் பார்த்துத் தரம் பிரிப்பதிலும் பெண்களின் விரல்களே உழைக்கின்றன. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடைபெறுகின்றது. அங்கிருந்து அரபு நாடுகளின் கஹ்வாவுக்கும், ஸ்காண்டிநேவிய நாடுகளின் இனிப்பு ரொட்டிக்கும், பாரிஸ் நகரத்து இனிப்புக் கிண்ணத்துக்கும் ஏலமணம் செல்கின்றது.

ஆயின் பெயர் என்ன? ஏலமலைக் காய் புவிசார் குறியீடு பெற்றிருப்பது 'அலப்பி பச்சை ஏலக்காய்' என்னும் பெயரால். அலப்பி எனப்பட்ட ஆலப்புழை கடற்கரையோரத் துறைமுகம்; அங்கே ஏலச்செடி விளைவதில்லை. திருவிதாங்கூர் அரசின் காலத்தில் ஏலக்காய் அங்கே சேர்க்கப்பட்டு விற்கப்பட்டமையால் துறைமுகத்தின் பெயர் காயின் பெயராயிற்று. விற்ற ஊர் நின்றது. விளைந்த மலையும் உழைத்த ஊர்களும் மறைந்தன.

பெயரால் வயிறு நிறையுமா என்று பெரியோர் வினவலாம். நியாயமான வினாவே. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை விலைபோயிற்று. அன்றும் காய் எடுத்தவர் பெற்றது நாட்கூலியே. எனவே பெயரோடு பங்கும் வேண்டும். பாதுகாப்பான ஊர்தியும் வேண்டும். மேலும், பெயர் பெறுவோர் அதற்குரிய தூய்மையையும் காத்தல் வேண்டும். பூச்சிமருந்தின் எச்சம் மிகுந்த காயை அயல்நாடுகள் ஏற்க மறுப்பதுண்டு. அம்மருந்தை முதலில் சுவாசிப்பவர் தோட்டத்தில் நிற்கும் தொழிலாளரே ஆதலின், ஏற்றுமதிக்காக மட்டுமன்றி நம் தாய்மாருக்காகவும் அதனைக் குறைத்தாக வேண்டும்.

ஒரு வேளை உணவுக்குப் பெருந்தொகை செலவிடுவது வீண்விரயம் அன்றோ என்னும் வினாவும் எழும். வெறும் பெருமைக்காகச் செய்யின் விரயமே. ஆனால் நல்ல பொருளுக்கு உரிய விலை தருவதும், அதனை விளைவித்தவனை நினைப்பதும் விரயமல்ல. விலை உயர்ந்த மேசையிலும் விளைவித்தவன் மறக்கப்படுவானாயின், அதுவே பெரிய விரயம்.

இது கைகூடாத கனவன்று. நம் நாட்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2003ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அண்டை ஊரின் கம்பம் பன்னீர் திராட்சை 2023ஆம் ஆண்டு அக்குறியீட்டைப் பெற்றது. அத்திராட்சையை 1832ஆம் ஆண்டு தமிழகத்துக்குக் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று கூறுவர். பிரெஞ்சு நாட்டார் தந்த கொடிக்கு நாம் ஊர்ப்பெயர் சூட்டிவிட்டோம். நம் மலையின் காய்க்கு இன்னும் சூட்டவில்லை.

இதில் தமிழ்த்துறைக்கும் கடமை உண்டு. காய் எடுப்போரின் சொற்களையும், தரம் பிரிப்போரின் வழக்குகளையும், ஏல வணிகரின் குறிப்பு மொழியையும் மாணவர் திரட்டித் தொகுத்தல் வேண்டும். சொல் பதிவானால் உழைப்பு பதிவாகும். உழைப்பு பதிவானால் உரிமை கேட்கச் சான்று கிடைக்கும். வணிகவியல் மாணவர் பொட்டலத்தில் ஊர்ப்பெயர் அச்சாக வழி காணலாம்.

அயல்நாட்டு மேசையில் அமரும் மாணவர் தலை குனிய வேண்டியதில்லை. இனிப்பில் ஏலமணம் வீசினால், 'இக்காய் எந்த ஊரில் விளைந்தது?' என்று பரிமாறுபவரை வினவுங்கள். கோழிக்கும் பாலாடைக்கட்டிக்கும் ஊர்ப்பெயர் சொல்லிப் பழகியவர்கள் அவ்வினாவை மதிப்பார்கள். விடை அவர்களுக்குத் தெரியாவிடின், போடிமெட்டின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.