தொட்டுக் கற்கும் வரலாறு: வைகைக் கரைப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்புவனம், மானாமதுரை வட்டாரங்களின் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும்,

வாழும் வரலாற்று நாள் என்பது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பழைய காலம் ஒன்றின் உடையை உடுத்தி, அந்தக் காலத்து வேலையை அந்தக் காலத்துக் கருவியால் தாங்களே செய்து பார்க்கும் ஒரு நாள் பாடம். இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் இது பரவலாக நடக்கிறது. அங்கே 2014 முதல் நடப்பில் இருக்கும் பாடத்திட்டத்தின்படி, 7 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகள் கற்காலம் தொடங்கி இரும்புக்காலம் வரையிலான மாற்றங்களையும், ரோமானியர் வருகையையும், தங்கள் ஊரின் வரலாற்றையும் படிக்க வேண்டும். நேற்றுக்கும் நூறாண்டுக்கும் உள்ள தூரமே சரியாகப் பிடிபடாத வயது அது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய வாழ்வை அந்த வயதில் மனத்தில் நிறுத்தக் கையும் உடம்பும் துணைக்கு வர வேண்டும். அதனால்தான் இந்த முறை வேர்பிடித்தது.

இந்த முறையின் வேர் சுவீடனில் இருக்கிறது. ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 1891-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். தொழில்மயத்தால் நாட்டுப்புற வாழ்க்கை மறைந்துகொண்டிருந்த காலம். அவர் நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் கட்டி, அந்தந்தப் பகுதியின் உடையணிந்தவர்களை அங்கே இருத்தினார். வட இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு வந்தபோது, பிராங்க் அட்கின்சன் அதே எண்ணத்துடன் டர்ஹாம் மாவட்டத்தில் பீமிஷ் அருங்காட்சியகத்தை உருவாக்கினார். பின்னாளில் பள்ளிப் பிள்ளைகள் இத்தகைய இடங்களுக்குப் பார்வையாளராக மட்டும் வராமல், வேலை செய்யவும் வந்தார்கள்.

மிகுதியாக நடப்பது விக்டோரியா அரசி காலத்துப் பள்ளி நாள். ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் ஹிச்சின் நகரில், 1837-இல் கட்டப்பட்ட ஒரே பெரிய வகுப்பறை இன்றும் அப்படியே நிற்கிறது. ஓர் ஆசிரியர் 300 சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்கென்று கட்டிய அறை அது. இத்தகைய நாட்களில் பிள்ளைகள் தொப்பியும் முன்துணியும் அணிந்து வருவார்கள்; ஆணும் பெண்ணும் தனித்தனியே வரிசையில் நிற்பார்கள். ஆசிரியர் நகம் பார்ப்பார். சிலேட்டில் எழுதுவதும், வாய்பாட்டைக் கூட்டாக ஒப்பிப்பதும், மையில் தோய்த்த பேனாவால் அழகெழுத்துப் பயில்வதும் அன்றைய பாடங்கள். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற பழைய நாணயக் கணக்கும் உண்டு. பத்தின் பெருக்கில் மட்டுமே பணத்தை எண்ணிப் பழகிய பிள்ளை, பென்னியைக் கூட்டி ஷில்லிங்காக மாற்றும்போதுதான் அந்தக் காலத்துக் கடைக்காரரின் தலைக்கணக்கு எத்தகையது என்று உணர்கிறது.

அந்த வகுப்பறை முறைக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1789 முதல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே வளர்த்தார். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலையும் இதுதான். பெல் 1797-இல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரிலேயே அது பிரிட்டனில் பரவியது. அங்கே ஜோசப் லங்காஸ்டர் என்பவர் தம் பள்ளிகளில் இதையொத்த முறையைப் பெரிய அளவில் நடத்தினார். ஹிச்சின் வகுப்பறை அவருடைய திட்டப்படி கட்டப்பட்டது. ஆக, லங்காஸ்டர் முறைப் பள்ளிகளில் சிறுவர்கள் எழுதிப் பழகிய மணல் தட்டு, நம் திண்ணைப் பள்ளி வழக்கத்திலிருந்து கடல் கடந்து போனது.

இரண்டாவது வகை, எழுத்துக்கு முந்தைய காலத்தைக் கையால் அறிவது. ஹாம்ப்ஷயரில் 1972-இல் பீட்டர் ரெனால்ட்ஸ் தொடங்கிய பட்ஸர் தொல்பண்ணை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அகழாய்வில் கிடைத்த கம்பக் குழிகளின் அளவை வைத்து, இரும்புக்கால வட்ட வீடுகளை அங்கே மறுபடி கட்டினார்கள். பண்டைய கோதுமை வகைகளைப் பயிரிட்டார்கள். தானியத்தை நிலக்குழியில் கொட்டி, வாயைக் களிமண்ணால் மூடிச் சோதித்தார்கள். ஓரத்தில் இருக்கும் மணிகள் ஈரத்தால் முளைவிட்டு உள்ளிருக்கும் உயிர்வளியைத் தீர்த்துவிடுகின்றன. அதன் பிறகு நடுவிலுள்ள தானியம் கெடாமல் மாதக்கணக்கில் கிடக்கிறது. இத்தகைய பண்ணைக்கு வரும் பிள்ளைகள் படல் பின்னிச் சுவருக்கு மண் பூசுகிறார்கள், கல்லில் மாவரைக்கிறார்கள், கம்பளி நூற்கிறார்கள். ஒரு பிடி மாவு சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்த பிள்ளைக்கு, ஒரு குடும்பத்தின் அன்றாட ரொட்டிக்குப் பின்னால் இருந்த உழைப்பை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இத்தகைய நாள் பயன் தருவதும் வீணாவதும் அதற்கு முன்னும் பின்னும் வகுப்பில் நடப்பதைப் பொறுத்தவை. முன்பே அந்தக் காலத்தைப் பற்றி ஓரளவு படித்துவிட்டு, கேள்விகளை எழுதிக்கொண்டு போக வேண்டும். அன்று ஒவ்வொரு குழுவும் இரண்டு மூன்று வேலைகளை நிதானமாகச் செய்வது, பத்து வேலைகளைத் தொட்டுவிட்டு ஓடுவதைவிட மேல். திரும்பியபின் ஒரே கேள்வியை எல்லாவற்றிலும் கேட்க வேண்டும்: இது நமக்கு எப்படித் தெரியும்? வட்ட வீட்டின் கம்பக் குழி மண்ணில் கண்டது; கூரையின் வடிவம் ஊகித்தது. மண்ணில் கிடைத்தது, பெரியவர் சொன்னது, ஊகித்தது என்று மூன்றாகப் பிரித்து எழுதப் பழகிய பிள்ளை, வரலாற்றாசிரியரின் அடிப்படை வேலையைக் கற்றுக்கொள்கிறது.

குறைகளும் உண்டு. உடையும் விளையாட்டும் மிஞ்சினால் பழைய காலம் இனிப்பாக மட்டும் தெரியும். விக்டோரியா காலத்தில் பல பிள்ளைகள் அரை நாள் ஆலையிலும் அரை நாள் பள்ளியிலும் இருந்தார்கள். அதைச் சொல்லாத பள்ளி நாள் முழுமையாகாது. நம் ஊரில் இந்தக் கவனம் இரு மடங்கு வேண்டும். திண்ணைப் பள்ளியில் யார் உட்கார முடிந்தது, எந்தச் சாதியாருக்கு அது மறுக்கப்பட்டது, பெண்பிள்ளைகள் ஏன் அரிதாகவே இருந்தார்கள், பொதுக்கிணற்றில் யார் நீர் இறைக்கவிடப்படவில்லை என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. எந்த வேலையையும் எந்தப் பிள்ளைக்கும் குடும்பத் தொழிலைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு, எல்லோரும் எல்லா வேலையும் செய்ய வேண்டும்.

இங்கிலாந்தில் இரும்புக்கால வாழ்வின் கைவேலையைக் குழிகளிலிருந்தும் ஓடுகளிலிருந்தும் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. வைகைக் கரையிலோ, பழைய வேலைகள் பலவற்றைக் கையால் அறிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மானாமதுரையில் மண்பாண்டத் தொழில் இன்றும் நடக்கிறது. உரலும் திருகையும் முறமும் கையாளத் தெரிந்த பாட்டிகள் ஊர்தோறும் உண்டு. கமலை இறைத்த உழவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். இந்தப் பெரியவர்களே ஆசிரியராக நிற்கக்கூடிய ஆண்டுகள் குறைந்துகொண்டே வருகின்றன.

இங்கே மூன்று நாட்களுக்குப் பொருள் கைவசம் இருக்கிறது. முதலாவது, திண்ணைப் பள்ளி நாள்: மணலில் அரிச்சுவடி, பனையோலையில் எழுத்தாணி, 20-இல் ஒரு பங்கான மா, 80-இல் ஒரு பங்கான காணி, 320-இல் ஒரு பங்கான முந்திரி என்ற பின்ன வாய்பாடு. இரண்டாவது, கீழடி நாள். அங்கே நடந்த அகழாய்வில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் கீறிய பானை ஓடுகளும், நூல் நூற்கும் தக்களிகளும், உறைகிணறுகளும் வெளிப்பட்டன. 2023 மார்ச்சில் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வந்து, புதிதாக வனைந்த பானையின் உடைந்த ஓட்டில் தங்கள் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறலாம். தக்களியில் பஞ்சு நூற்கலாம். மூன்றாவது, வீட்டு வேலை நாள்: கேழ்வரகைத் திருகையில் அரைத்து, முறத்தில் புடைத்து, கூழ் காய்ச்சிக் குடிப்பது.

இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. பள்ளி முற்றமும் வேப்பமர நிழலும் குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் இருந்தால் போதும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் அருகில் இருந்தால் உலக்கையும் எழுத்தாணியும் ஆபத்தில்லாமல் கைமாறும். கற்றுத்தர வரும் மூத்தவருக்கு வேலையிழப்பை ஈடுசெய்யும் கூலியும், பிள்ளைகள் முன்னிலையில் ஆசிரியருக்குரிய இருக்கையும் தர வேண்டும். அவர் சொல்வதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிப் பள்ளியில் சேர்த்து வைத்தால், ஆண்டுதோறும் வளரும் ஊர் வரலாறு ஒன்று உருவாகும். முதல் ஆண்டுக்கு ஒரு வகுப்பும் ஒரு வேலையும் அதை நன்கறிந்த ஒரு பெரியவரும் போதும்.

அன்புடன்,
இங்கிலாந்தில் வாழும் ஊர்க்காரர்